மருமகன் என்று போடு

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
16 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி பத்திநாதருக்கு,

அக்கா மதலேனம்மா எழுதுவது. கால் வீக்கத்தைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் சீனி வருத்தமும் மச்சாள் கிளியின் மூட்டு நோவும் எந்த மட்டில் இருக்கின்றன? மாதா உங்களைத் தன் சேலைக்குள் வைத்துப் பார்க்கட்டும்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன மாதம் உனக்கு மட்டும் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். அது இலண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் சுற்றி, கிளியின் தங்கை மகளிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. கீழே அழுகிற முகம் மூன்று. காகிதத்தை அப்படித் தட்டி அனுப்ப ஏலாது. அதுதான்.

உன் அத்தானின் முப்பத்தோராம் நாள் பூசை வியாழக்கிழமை நடந்தது. நீ அடித்து அனுப்பிய நினைவுக் கார்டுகள் வந்து சேர்ந்தன. படம் நல்ல வடிவு. செத்த வீட்டு அறிவித்தலை நான் அந்த நேரம் பார்க்கவில்லை, பார்க்கிற நிலையிலா இருந்தேன். கார்டில்தான் கண்டேன். "நிரூபனின் அன்புத் தந்தையும்" என்று இருக்கிறது. அதற்கு அடுத்து நீங்கள் சகோதரங்கள் வந்துவிட்டீர்கள்.

லுக்கின் பெயர் எங்கே?

நிரூபன் உனக்குப் பட்டியல் அனுப்பியபோது நான் பக்கத்தில் நின்றேன். "மருமகன் லுக்" என்று அவன் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். லுக்குக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவனுடைய பெயரின் எழுத்துகளை மட்டும் நிரூபன் பழக்கி வைத்திருக்கிறான். பூசை முடிந்து எல்லோரும் ரோல்ஸ் தின்றுகொண்டு நிற்க, லுக் யன்னலோரம் போய், கார்டில் விரலை வைத்து வரி வரியாகத் தேடினான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கோப்பை கழுவப் போய்விட்டான். அவன் கேளாமலே நான் பின்னால் போய், "ஊருக்கு அடித்த கார்டு வேறு, அதில் இருக்கிறது" என்று அரைகுறை இங்கிலீசில் பொய் சொன்னேன். கோயில் மண்டபத்தில் நின்று சொன்னேன்.

நீ அப்பா இல்லாத இடத்தில் நம் குடும்பத்து அறிவித்தல் எல்லாம் எழுதுகிறவன். ஒரு கொமாகூடப் பிழையாகப் போக விடமாட்டாய். அதனால் கேட்கிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அக்கா


தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
9 மே 2024

என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இறை தயவால் நானும் கிளியும் நலம். இங்கே வெயில் பொறுக்க முடியவில்லை. வாவிக் காற்றும் நின்றுவிட்டது. கால் வீக்கத்துக்கு உப்பைக் குறையுங்கள். இரவில் காலை உயர்த்தி வைத்துப் படுங்கள்.

அத்தானின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இங்கேயும் பூசை ஒப்புக்கொடுத்தோம். கோயில் நிறைந்த சனம். என் பழைய மாணவர்கள் பலர் வந்திருந்தார்கள்.

கார்டு சம்பந்தமாகக் கேட்டிருந்தீர்கள். அது சின்ன அளவுக் கார்டு. இடம் போதவில்லை. நடந்தது நடந்துவிட்டது, இதைப் பெரிதாக்க வேண்டாம். நிரூபனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கள் சுகத்துக்காக நாளும் செபிக்கும்,
தம்பி பத்திநாதர்


பியர்பொன்ட்ஸ்
28 மே 2024

தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இரு, சுகமாக இருந்தால்தான் எனக்குப் பதில் சொல்லலாம்.

இடம் போதவில்லையா? கார்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் பெயருக்கு முன்னால் "ஓய்வுபெற்ற அதிபர், சமாதான நீதவான்" என்று ஒரு முழு வரி. கிளியின் தம்பி பெண்சாதியின் பெயர் இருக்கிறது. அவள் உன் அத்தானைக் கண்டது வாழ்நாளில் ஒரு தரம், அதுவும் பஸ்ஸில். அவளுக்கு இடம் இருந்தது. இரண்டு எழுத்துக்கு இடம் இல்லையா?

லுக் யார் என்று உனக்குத் தெரியாததுபோல எழுதுகிறாய். திரும்பவும் சொல்கிறேன், கேள். எட்டு வருடத்துக்கு முன் மொன்றியல் நீதிமன்றக் கட்டடத்தில் என் மகனுக்கும் அவனுக்கும் சட்டப்படி கலியாணம் நடந்தது. அத்தானிடம் பல் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போனேன். என் சேலையைக் கண்டு "பல்லுக்கோ காஞ்சிபுரம்?" என்று அந்த மனிசன் கேட்டார். பிறகு இருவரும் தங்கள் வீட்டில் இருந்தார்கள். அத்தான் விழுந்து படுக்கையான பிறகுதான் இங்கே வந்தார்கள்.

லுக் கல்லூரியில் படிப்பிக்கிறவன். ஒரு தவணை முழுக்க லீவு போட்டான். நிரூபனுக்கு முதுகில் ஆப்பரேசன் செய்தது, தூக்க முடியாது. எனக்கு அத்தானைத் திருப்பவே பலம் காணாது. எட்டு மாதம் அவரைக் குளிப்பாட்டியவன் லுக். சவரம் செய்தவன், மலம் அள்ளியவன், காலுக்கு எண்ணெய் பூசியவன் லுக். சாகிற அன்று வாயைத் துடைத்ததும் அவன்தான். உன்னுடைய சமாதான நீதவானார் அந்நேரம் எங்கே நின்றார்?

வருகிற மார்ச் பன்னிரண்டு ஆண்டுப் பூசை. அதற்கு அறிவித்தல் அடிப்பாய், சுவரிலும் ஒட்டுவாய். அதில் "மருமகன்" என்று போடு. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். வேறு பேச்சு வேண்டாம்.

அக்கா மதலேனம்மா


தாண்டவன்வெளி
3 யூலை 2024

என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கோபத்தோடு சுகமும் கூடியிருக்குமென்று நம்புகிறேன். கோபம் இரத்த அழுத்தத்துக்கு ஆகாது. கிளிக்கு மூட்டு நோவு கொஞ்சம் குறைவு.

அக்கா, நான் நிரூபனை வெறுக்கவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த மனிதர் அத்தானைப் பராமரித்ததற்கும் நன்றி உள்ளவனாக இருக்கிறேன். ஆனால் பராமரிப்பு வேறு, உறவு வேறு. இது நம் சனத்தில் இல்லாத ஒன்று. மேல்நாட்டார் ஆதி தொட்டே இப்படித்தான். வெட்கம், கட்டுப்பாடு, குடும்பம் என்ற எண்ணம் அவர்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அவர்கள் மண்ணில் அவர்கள் விரும்பியபடி இருக்கட்டும். தாண்டவன்வெளிச் சுவருக்கு அதைக் கொண்டு வருவது எதற்கு? நம் பண்பாடு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நீங்கள் அந்நாட்டில் முப்பது வருடம் இருந்ததால் உங்களுக்கு அது பழகிவிட்டது. பிழை உங்களில் இல்லை.

மாதாவின் பாதுகாப்பில் உங்களை ஒப்படைக்கும்,
தம்பி பத்திநாதர்


பியர்பொன்ட்ஸ்
7 ஒக்ரோபர் 2024

தம்பிக்கு,

மூன்று மாதம் உனக்கு எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் கடதாசி கிழிந்தது, அவ்வளவு அழுத்தி எழுதினேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் கிளிக்கும் ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

பண்பாடு என்றாய். ஆதி என்றாய். போன வியாழன் நான் கல்லூரிக்குப் போனேன். ஓம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற உன் அக்கா, எழுபத்து நாலு வயதில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள கல்லூரியில் போய் வாங்கில் குந்தினாள்.

லுக் என்ன படிப்பிக்கிறவன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளைக்காரர் ஆண் பெண் விசயத்தையும் படுக்கை விசயத்தையும் காலம் காலமாக எப்படி நினைத்தார்கள், எதைப் பாவம் என்றார்கள், யாரைப் பிடித்து மறியலில் அடைத்தார்கள் என்ற சரித்திரத்தைப் படிப்பிக்கிறான். அன்றைய வகுப்பில் பேச வந்தவள் அவனைப் பெற்ற தாய், மடாம் ஒடெத். எனக்குச் சம்பந்தி. வயது எண்பது. அவள் முன்னால் கதிரையில் இருந்து பிரெஞ்சில் கதைத்தாள். நிரூபன் என் காதுக்குள் தமிழில் சொன்னான்.

அவளுடைய தாய்க்குப் பதினொரு பிள்ளைகளாம். ஒரு வருடம் வயிறு காலியாக இருந்தால் பங்குச் சுவாமி வீட்டுக்கே வந்து, "தொட்டில் ஏன் ஆடவில்லை?" என்று கேட்பாராம். பிள்ளை வேண்டாம் என்று ஏதும் செய்த பெண்ணுக்குப் பாவமன்னிப்புக் கிடையாதாம். ஒடெத்துக்குப் பத்தொன்பது வயதில், கலியாணம் இல்லாமல் வயிற்றில் உண்டாயிற்று. தகப்பன் அவளைக் காரின் பின்பக்கம் படுக்க வைத்து, மேலே போர்வையைப் போட்டு, மொன்றியலுக்குக் கொண்டுவந்து ஒரு கன்னியாஸ்திரி மடத்தில் விட்டாராம். மடத்துக்குள் அவளுடைய பெயரைப் பறித்து வேறு பெயர் வைத்தார்கள். ஆறு மாதம் மற்றவர்களின் படுக்கை விரிப்புத் துவைத்தாள். பிள்ளை பிறந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு காது மட்டும் தெரிந்ததாம். ஆணா பெண்ணா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

முன் வாங்கில் இருந்த ஒரு பெட்டை, "நீங்கள் ஏன் ஏலாது என்று சொல்லவில்லை?" என்று கேட்டாள். ஒடெத் சிரித்தாள். "யாரிடம்?" என்றாள்.

அந்தக் காலம் இந்த நாட்டில் இரண்டு ஆண்கள் ஒன்றாக இருந்தால் மறியல். சட்டம் மாறியபிறகும் விடவில்லை, எழுபத்தேழில் இதே நகரத்தில் பொலிஸ் துவக்கோடு மதுச்சாலைக்குள் புகுந்து நூறு பேருக்கு மேல் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

நான் கையை உயர்த்தினேன். நிரூபன் என் சேலையைப் பிடித்து இழுத்தான். விடவில்லை. "அந்தச் சட்டம் எப்ப மாறினது எண்டு கேள், மனே" என்றேன். லுக் பலகையில் எழுதினான்: 1969.

தம்பி, எனக்கும் அத்தானுக்கும் கலியாணம் நடந்த வருடம் அது. நீ சொன்ன ஆதி, என் தாலியை விட ஒரு நாள் மூப்பில்லை. வெட்கம் இல்லாத சனமா? எங்களுக்கு வெட்கம் விற்கிற அளவுக்கு இவர்களிடம் வெட்கம் இருந்திருக்கிறது. விற்றும் இருக்கிறார்கள். நம் நாட்டில் இதைக் குற்றம் என்கிற சட்டத்தை எழுதியவன் யார் என்று பாடசாலை நடத்திய உனக்குத் தெரியுமா? வெள்ளைக்காரன். 1883. அவன் தன் ஊரில் அதைக் கிழித்து எறிந்து அரை நூற்றாண்டுக்கு மேல். நீ அவனுடைய பழந்துணியை எடுத்துக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு, நம் பண்பாடு என்கிறாய்.

காரில் வரும்போது ஒடெத் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு என்ன சொல்வது? என் தம்பி உன் மகனின் பெயரை எடுத்துவிட்டான் என்றா?

ஆண்டுப் பூசைக்கு ஐந்து மாதம் இருக்கிறது.

அக்கா


தாண்டவன்வெளி
1 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு மன்றாடுகிறேன். சகல புனிதர் திருநாள் இன்று. நாளைக்கு நம் அம்மாவின் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிறோம்.

நீங்கள் எழுதியதற்கெல்லாம் பதில் சொல்லும் அறிவு எனக்கில்லை. அந்தத் தாயை நினைத்துக் கிளி அழுதாள். ஆனால் அக்கா, கார்டு விசயத்தில் எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் நான் செய்தேன். இதற்கு மேல் தயவுசெய்து கேட்காதீர்கள்.

தம்பி


பியர்பொன்ட்ஸ்
12 நவம்பர் 2024

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. மன்னித்துக்கொள்.

சொல்லப்பட்டதா? யார் சொன்னது? எழுபது வயதில் உனக்குச் சொல்லித்தர ஒரு ஆள் இருக்கிறதா? சுவாமியா? பங்குச் சபையில் குந்தியிருக்கிற கிழடுகளா? அல்லது நான் நினைக்கிற ஆள்தானா?

கிளிதான். அவள் அழுதாளாம். தன் தங்கை மகளை நிரூபனுக்குக் கேட்டு நாங்கள் இல்லை என்று சொன்னதிலிருந்து இருபது வருடமாக அவளுக்கு எங்கள் வீட்டின் மேல் ஒரு கடுப்பு. தொலைபேசியில் நான் கதைத்தால் பின்னால் நின்று, "அதக் கேளுங்க, இதக் கேளுங்க" என்று அவள் சொல்லித்தருவது எனக்குக் கேட்காது என்று நினைத்தாளா? என் மகனின் வீட்டை அறிவித்தலில் இடிக்க அவளுக்கு என்ன உரிமை? பகிரங்கமாகக் கேட்பேன். வாட்ஸ்அப்பிலேயே கேட்பேன், சூரிச் வரைக்கும் போகட்டும்.

இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்களாம். அதற்குள் இது போக வேண்டும் என்று ஓடிப்போய்ப் போடுகிறேன். பெயரைச் சொல்.

மதலேனம்மா


தாண்டவன்வெளி
6 டிசம்பர் 2024

என் அக்காவுக்கு,

இக்கடிதம் உங்களுக்கு எப்போது வந்து சேருமோ தெரியாது. வாசிக்கும்போது கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள். மருந்து போட்டுவிட்டு வாசியுங்கள்.

கிளியை ஏசாதீர்கள். உங்கள் கடிதத்தை அவளும் பார்த்துவிட்டாள். அவள்தான் என்னை எழுதச் சொன்னாள். "உங்கட சத்தியத்துக்காக நான் ஏன் பேச்சு வாங்கோணும்?" என்றாள். நியாயம்தானே.

சொன்னது அத்தான்.

போன பெப்ரவரி ஐந்தாம் திகதி, நீங்கள் கண் காட்டப் போயிருந்த நேரம், அத்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் மெலிந்திருந்தது, பேச்சுத் தெளிவு. "பத்தி, நான் கண்ண மூடினா அறிவித்தல நீதான் எழுதுவாய். லுக்கிட பேர் வேண்டாம். நிரூபன் அனுப்பினாலும் போடாத. அக்காக்குச் சொல்லாத" என்றார். நான் தயங்கினேன். "அவர்தானே உங்களப் பாக்கிறார் எண்டு அக்கா சொன்னா, அத்தான்" என்றேன். "ஓம், நல்ல பிள்ள. என்னக் குளிப்பாட்டுறதும் அவன்தான். அது வீட்டுக்குள்ள. அறிவித்தல் ஊருக்கு" என்றார். மாதாவின் பெயரில் சத்தியம் வாங்கினார்.

அப்போது பக்கத்தில் யாரோ பிரெஞ்சில் மெதுவாக ஏதோ கேட்டது எனக்குக் கேட்டது. யாரென்று கேட்டேன். "அவன்தான். எனக்குக் கை நடுங்குது, போனக் காதில பிடிச்சிட்டு நிக்கான். பயப்பிடாத, அவனுக்குத் தமிழ் விளங்காது" என்றார்.

சாகப் போகிறவர் கேட்டார். நான் சத்தியம் செய்துவிட்டேன். பிறகு நீங்கள் கேட்டபோது, பண்பாடு அது இது என்று எழுதினேன். அத்தானை நீங்கள் கோபிப்பதை விட என்னைக் கோபிப்பது நல்லது என்று பட்டது.

மன்னிப்புக் கேட்கும்,
பத்தி


பியர்பொன்ட்ஸ்
9 சனவரி 2025

தம்பிக்கு,

கடிதம் நேற்று வந்தது. கிளியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவள் கையால் ஒரு அறை வாங்கினாலும் எனக்குத் தகும்.

வேறு எழுத வரவில்லை.

அக்கா


பியர்பொன்ட்ஸ்
2 பெப்ரவரி 2025

அன்புத் தம்பி பத்திக்கும் அன்பு மச்சாள் கிளிக்கும்,

நான் சுகம் என்று எழுதினால் பொய். சாப்பிடுகிறேன், நடக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே கேட்கிறேன். இங்கே பக்கத்து வீட்டுச் சாரங்கன் ஊருக்கு வருகிறான். தபாலை நம்பாமல் அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

மூன்று கிழமை அந்த மனிசனின் படத்துக்கு நான் விளக்குப் போடவில்லை. நிரூபன் கேட்டான், பல்பு போய்விட்டது என்றேன். ஐம்பத்து நாலு வருடம் ஒரு மனிசனோடு இருந்தவள் நான். முன்னால் வைத்துத் திட்டுவதற்கு ஆள் இல்லை. படத்தைத் திட்டினேன். "வீட்டுக்குள்ள ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமா? உன்ட ஊர் வந்து உன்ட பீயள்ளினதா?" என்று கேட்டேன். செத்தவரை அப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

பிறகு என்னையும் கேட்டேன். உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. அத்தான் படுக்கையில் கிடந்த காலம், பார்க்க வருகிற நம் ஆட்கள், "இந்த வெள்ளை ஆர்?" என்று கேட்பார்கள். "பேஸ்மென்ரில வாடகைக்கு இருக்கிறவர், நல்ல உதவி" என்பார் அத்தான். ஒரு தரம் அல்ல, வந்த வீடு எல்லாவற்றுக்கும். நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தேன். ஓம் என்று தலையும் ஆட்டினேன். ஆக, பெயரை எடுக்கத் தொடங்கியது நீயும் இல்லை, அத்தான் மட்டும் என்றும் இல்லை.

போன ஞாயிறு லுக்கிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அவன் குசினியில் என் மருந்துகளைக் கிழமைப் பெட்டிக்குள் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிரூபனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னேன். நிரூபனுக்கு அதுவரை தெரியாது. பாதியில் நிறுத்திவிட்டான். லுக் அவன் தோளில் கையை வைத்து, "எனக்குத் தெரியும், அம்மா" என்றான்.

எப்படி என்று கேட்டேன்.

இந்த வீட்டில் அவன் முதலில் பழகிய தமிழ்ச் சொல் "வேண்டாம்". சூப்பைக் கொண்டுபோனால் வேண்டாம். மாத்திரையைக் கொண்டுபோனால் வேண்டாம். போர்வை வேண்டாம், யன்னல் வேண்டாம். ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்ட சொல். அன்றைக்குத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, தன் பெயரும் கேட்டதாம், அதற்குப் பிறகு அந்தச் சொல்லும் கேட்டதாம். தன்னை வேண்டாம் என்கிறார் என்று விளங்கினது, எதற்கு என்றுதான் அப்போது விளங்கவில்லை. கார்டைப் பார்த்தபோது விளங்கிற்று என்றான்.

அத்தான் அதற்குப் பிறகு முப்பத்தாறு நாள் இருந்தார். முப்பத்தாறு நாளும் அவன்தான் குளிப்பாட்டினான். "வேண்டாம் எண்டவர ஏன் மனே பிறகும் பாத்தாய்?" என்று கேட்டேன். அவன் மருந்துப் பெட்டியின் சனிக்கிழமையை மூடிவிட்டு, "அவருக்கு முதுகு அரித்ததே" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை தம்பி. ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் அதுதான் இருக்கிறது.

இனி நான் சொல்வதை எழுதிக்கொள். மாதாவில் நீ செய்த சத்தியம் என் தலையில். மாதா கேட்கிற அன்றைக்கு நான் பதில் சொல்வேன், அவளும் பெற்றவள்தான். மார்ச் பன்னிரண்டு ஆண்டுப் பூசைக்குப் பெரிய தாளில் அறிவித்தல் அடி. கோயில் மதில், சந்தி, பழைய பாடசாலைச் சுவர், எப்போதும் ஒட்டுகிற இடம் ஒன்றையும் விடாதே. உறவுப் பட்டியலில் "அன்பு மகன் நிரூபன், அன்பு மருமகன் லுக், சம்பந்தி ஒடெத், மொன்றியல், கனடா" என்று போடு. யாராவது நின்று வாசித்து, ஆர் இது என்று கேட்டால், ஓய்வுபெற்ற அதிபர் நீ, விளக்கம் சொல்.

எனக்கு "மனைவி மதலேனம்மா" என்று மட்டும் போடு. முன்னால் அன்பு, பாசம் ஒன்றும் வேண்டாம். அச்சகத்தில் தாங்களாகச் சேர்ப்பார்கள், வழக்கம் என்பார்கள். பக்கத்தில் நின்று அதை எடுக்கச் சொல். அடுத்த வருடம் வேண்டுமானால் யோசிக்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. ஒட்டிவிட்டு எழுது.

அக்கா மதலேனம்மா